மொட்டையோடு ஜப்பானுக்கு

வேண்டிக்கொண்டது லீடரம்மா. முடி எங்களுடையது.

எட்டுப் பேருக்கும் வீசா வந்தால் எட்டுப் பேரும் மொட்டை போட்டுக்கொள்கிறோம் என்று திருப்பதி சாமியிடம் சொல்லிவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. வீசா வந்த பிறகுதான் சொன்னார். நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். சாமியிடம் போன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது.

நாங்கள் கோலாட்டம் ஆடுகிறவர்கள். ஊர் சித்தூருக்குப் பக்கம், கங்காதர நெல்லூர் தாண்டி. வீட்டில் தமிழ். ஆபீசில் தெலுங்கு. சண்டை வந்தால் இரண்டும். மாங்காய் சீசனில் பழக்கூழ் ஃபேக்டரியில் பழம் கழுவுவோம். மற்ற நாளில் வயல் வேலை. மலையில் உற்சவம் என்றால் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போய் சாமிக்கு முன்னால் ஆடுவோம். லீடரம்மா அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களையும் அந்தப் பிள்ளைகள் மாதிரிதான் வைத்திருப்பார். வரிசையாக நில், கையைக் கட்டு, வாயை மூடு.

திருப்பதியில் ஒரு காலேஜ் விழாவில் ஆடினோம். ஜப்பானிலிருந்து சில பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்து ஆடுவீர்களா என்று கேட்டார்கள். பதிலுக்கு அவர்கள் ஊர் மேளக்காரர்கள் திருப்பதிக்கு வந்து அடிப்பார்களாம். கலாசாரப் பரிமாற்றம் என்று அதற்குப் பேர். தங்குவது அந்த ஊர்க்காரர்கள் வீட்டில். வீட்டுக்கு இரண்டு பேர்.

எனக்குச் சோடி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்சாதி. புத்தூர்க்காரி. ஆட்டத்தில் எனக்கு எதிரில் நிற்பவள் அவள்தான். அவள் பேசுவாள். நான் கேட்டுக்கொள்வேன். இப்படித்தான் இத்தனை வருஷம் ஒரே வாசலில் காலம் போகிறது.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தபோது எல்லோருக்கும் தலை நிறைய முடி. பயணத்துக்கு முந்தின வாரம் மலைக்குப் போனோம். வரிசையாக உட்கார்ந்தோம். தண்ணீர் தெளித்தார்கள், கத்தி வைத்தார்கள், முடிந்தது. சந்தனம் பூசிக்கொண்டோம். என் ஓரகத்திக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும். அவள் அழவில்லை. தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஷாம்பு செலவு இல்லை என்றாள். பாஸ்போர்ட் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்கள் பக்கம் மொட்டை ஒரு விஷயமே இல்லை. பஸ்ஸில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள்.

சென்னை ஏர்போர்ட்டில் ஞாபகம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆபீசர் படத்தைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். பின்னால் நின்ற ஏழு தலைகளையும் பார்த்தார்.

"திருப்பதியா?" என்றார்.

"ஆமா சார்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

முத்திரை குத்தினார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜப்பானில் தேவைப்பட்டது. அங்கே இருந்த ஆபீசர் சின்ன வயசு. படத்தையும் தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எங்கள் எட்டுப் பேரையும் ஓரமாக நிறுத்தினார்கள். மொழி தெரிந்த ஆள் வெளியேதான் காத்திருக்கிறார். லீடரம்மா முன்னால் போனார். அங்கன்வாடியில் பாட்டுக்கு அபிநயம் சொல்லிக்கொடுத்த கை. விரலைக் கத்தியாக வைத்துத் தலையை ஒரு தடவை மழித்துக் காட்டினார். மேலே கையைக் காட்டினார். கண்ணை மூடி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

மூன்று ஆபீசர்களும் அப்படியே திரும்பக் கும்பிட்டார்கள். குனிந்து வழிவிட்டார்கள். லீடரம்மா எங்களைப் பார்த்து, இவ்வளவுதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

வெளியே காத்திருந்தவர் விஜயவாடாக்காரப் பெண். அங்கேயே கம்ப்யூட்டர் வேலை செய்கிறார். எங்களுக்குத் தெலுங்கில் சொல்ல அவரைப் போட்டிருந்தார்கள். லீடரம்மா அவரை அம்மாயி என்றார், தெலுங்கில் பெண்ணே என்று அர்த்தம். நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். அவரும் எங்கள் தலையைப் பார்த்தார், திருமலையா என்றார், அதோடு விட்டுவிட்டார். அவருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

பஸ்ஸில் மலைகளுக்கு நடுவே ரொம்ப தூரம் போனோம். சின்ன ஊர். டவுன் ஆபீஸ் ஹாலில் எங்களைத் தங்கவைக்கப் போகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். நாங்கள் உள்ளே போனோம். எட்டு மொட்டை, எட்டு மஞ்சள் புடவை. ஹால் அமைதியாகிவிட்டது. பிறகு எல்லோரும் இடுப்பு வரைக்கும் குனிந்தார்கள். நாங்களும் குனிந்தோம். நாங்கள் நிமிரும்போது அவர்கள் இன்னும் குனிந்திருந்தார்கள். மரியாதை இல்லை என்று திரும்பக் குனிந்தோம். அவர்கள் நிமிர்ந்து, எங்களைப் பார்த்து, இன்னும் ஆழமாகக் குனிந்தார்கள். என் ஓரகத்தி மேசையில் நெற்றியை இடித்துக்கொண்ட பிறகுதான் அது நின்றது.

எங்கள் இருவரையும் கூட்டிப் போனது ஒரு புருஷன் பெண்சாதி. அறுபது வயசு இருக்கும். அந்த ஆள் என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர். எனக்குப் பிடித்தது. அந்தம்மா எங்கள் பெட்டியைத் தூக்கக்கூட விடவில்லை.

வீடு மாடியில். கீழே ஒரு கடை, ஷட்டர் இறக்கியிருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஏதோ நின்றது. அதன் மேல் வெள்ளைத் துணி சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. நம் ஊரில் சாமிக்குக் கண் திறக்கும் முன்னால் இப்படித்தான் மூடி வைப்பார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். என் ஓரகத்தி மூன்று சுற்றுச் சுற்றினாள். அந்தப் புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சாப்பாடு கொண்டுவந்தார்கள். முட்டி போட்டுக்கொண்டு பரிமாறினார்கள். வெள்ளையாக ஒரு கட்டி. பச்சையாக ஒரு இலை. உப்பில் ஊறின ஒரு பழம். சோறு. குழம்பு இல்லை.

என் ஓரகத்தி கட்டியைக் குச்சியால் குத்திப் பார்த்தாள். ஆடியது.

"இன்னாக்கா இது, சோப்பா?"

"துன்னு."

துன்றது என்றால் எங்களுக்குக் கறிதான். ஊரில் வாரத்துக்கு ஒரு கோழியாவது இல்லாமல் போகாது. மலைக்குப் போகும்போது மட்டும் நிறுத்துவோம். இறங்கினதும் புத்தூரிலோ சித்தூரிலோ முதல் ஹோட்டலில் பிரியாணி. ஆனால் கிளம்பும் முன்னால் லீடரம்மா சொல்லியனுப்பியிருந்தார். கொடுத்ததைச் சாப்பிடு, இல்லாததைக் கேட்காதே, ஊர் மானம் உங்கள் வாயில் இருக்கிறது.

அதையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வாசம். அந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் சுட்ட கோழி வாசம். பாயில், கதவில், தலையணையில். சமையலறையில் கோழி இல்லை. தட்டில் கோழி இல்லை. என் ஓரகத்தி எழுந்து போய் மரத்தூணை மோந்தாள். திரும்பி வந்து சோறு ஒரு வாய் போட்டாள். திரும்பப் போய் மோந்தாள். அந்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அது எங்கள் பிரார்த்தனை என்று நினைத்திருக்க வேண்டும். தூணைத் துணியால் துடைத்துவிட்டு, தானும் ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் காலையில் அந்த ஆள் ஒரு படத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். செத்துப்போன அவர் அம்மா. சாம்பிராணிக் குச்சி கொளுத்தினார். இருவரும் முட்டி போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்தது கோலாட்டப் பாட்டு. அதைப் பாடினேன். என் ஓரகத்தி குச்சிக்குப் பதில் கையைத் தட்டினாள். கடைசியில் கோவிந்தா போட்டோம். அவர்களும் கோவிந்தா என்றார்கள். அதற்குப் பிறகு தட்டு வைக்கும்போது கோவிந்தா, தட்டு எடுக்கும்போது கோவிந்தா. அந்த ஆள் மொத்தமாகப் பேசினதில் பாதி அதுதான்.

விஷயம் அதற்கும் மறுநாள்தான் தெரிந்தது. ஒத்திகைக்குப் போயிருந்தோம். மற்ற வீடுகளிலும் வெள்ளைக் கட்டிதான். ஒரு வீட்டில் இருவரை வீட்டுச் சாமி மாடத்துக்கு முன்னால் படுக்கவைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் ஆண்கள் எல்லோரும் இரண்டு நாளாக அடுத்த வீட்டில் தூங்குகிறார்கள். மேடம் டவுன் ஆபீஸ்காரரிடம் போய்ப் பேசிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். அங்கே பெண்கள் தலையை மழித்தால் துறவி என்று அர்த்தமாம். எட்டு சந்நியாசினிகள் வந்திருக்கிறார்கள் என்று ஊர் பூராவும் பேச்சாம். உண்மையைச் சொல்லிவிடவா என்று லீடரம்மாவைக் கேட்டார்.

லீடரம்மா யோசித்தார். அவர் தங்கியிருக்கிற வீட்டுக்கு டவுன் ஆபீஸ்காரரே தினமும் காலையில் வந்து அவர் கையால் ஒரு துளசி இலை மாதிரி ஏதோ வாங்கிக்கொண்டு போகிறாராம்.

"எதுக்கும்மாயி? மரியாதைதானே பண்றாங்க. நாம ஒண்ணும் பொய் சொல்லலியே."

அதுவும் சரிதான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் சொன்னது கோவிந்தா மட்டும்.

சனிக்கிழமை திருவிழா தொடங்கியது. இரண்டு நாள். ஞாயிறு மாலை எங்கள் ஆட்டம். தெரு முழுக்கக் காகித விளக்கு. வீட்டுக்கு வீடு கடை. மீன் சுடுகிறார்கள், சோளம் சுடுகிறார்கள், மாவு ஊற்றுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். எங்கள் வீட்டுக் கடை மட்டும் இருட்டாக இருந்தது. வருகிறவர்கள் ஷட்டருக்கு முன்னால் நின்றார்கள். அந்த ஆள் வெளியே போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அவர்கள் மாடியைப் பார்த்தார்கள். நாங்கள் ஜன்னலில் நின்றோம். எங்களைப் பார்த்துக் குனிந்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். இப்படியே நாள் முழுக்க. அந்தம்மா படியில் உட்கார்ந்து எதிர்க்கடை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மேடம் வந்தபோது கேட்டேன். அது என்ன கடை, ஏன் மூடியிருக்கிறது.

அவர் அந்தம்மாவிடம் கேட்டு வந்து சொன்னார். கோழிக்கடை. குச்சியில் கோர்த்துச் சுட்டு விற்கிறது. ஊரில் இருக்கிறவர்கள் வயசானவர்கள், மற்ற நாளில் வியாபாரம் கிடையாது. இந்த இரண்டு நாளை வைத்துத்தான் குளிர்காலம் வரைக்கும் ஓட்டுவார்களாம். போன வருஷம் மழையில் திருவிழா கெட்டுவிட்டது. இந்த வருஷமும் போனால் கடையை விட்டுவிட்டு மகன் இருக்கிற பட்டணத்துக்குப் போக வேண்டியதுதான். வாங்கி வைத்த கோழி எல்லாம் ஃப்ரீசரில் இருக்கிறது. துறவிகள் தங்கியிருக்கிற வீட்டில் உயிரைச் சுடக் கூடாது என்று மூடிவிட்டார்கள்.

வாசலில் துணி சுற்றியிருப்பது எந்தச் சாமி என்று என் ஓரகத்தி கேட்டாள்.

கடை பொம்மை என்றார் மேடம். சேவல்.

மூன்று நாளாகச் சேவலைச் சுற்றி வந்திருக்கிறோம்.

நான் நேராக லீடரம்மாவிடம் போனேன். எங்களால் ஒரு குடும்பம் கெடுகிறது, சொல்லிவிடலாம் என்றேன். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாளைக்குப் பேப்பர்காரன் வருகிறான், இப்போது போய் நாங்கள் சந்நியாசினி இல்லை என்றால் ஏமாற்றினார்கள் என்றுதான் எழுதுவான், திருப்பதி பேர் கெடும் என்றார். நாளைக்கு ஆட்டம் முடியட்டும், பிறகு சொல்லலாம்.

"பொறவு சொன்னா கோழி யாருக்கு விக்கிறது?" என்றாள் என் ஓரகத்தி.

"ரெண்டு நாள் கோழி துன்னலன்னா செத்துடுவியா?"

"நான் சாவ மாட்டேம்மா. அந்தாளு கடை சாவும்."

லீடரம்மா வாயில் விரலை வைத்துக் காட்டினார். அங்கன்வாடி விரல். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். வழியெல்லாம் என் ஓரகத்தி பேசிக்கொண்டே வந்தாள். 

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுந்து கீழே போனேன். பின்பக்கம் துணி துவைக்கிற மெஷின் இருக்கிற இடத்தில் புகை வந்தது. போய்ப் பார்த்தேன். அந்தம்மா சின்ன அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தார். கையில் குச்சி. குச்சியில் கோழி. வாயிலும் கோழி.

என்னைப் பார்த்ததும் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முனை தோளுக்கு மேலே தெரிந்தது. வாயில் இருப்பதை மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டே குனிந்தார். தரையில் நெற்றி படக் குனிந்தார். கண்ணில் தண்ணீர்.

நான் பக்கத்தில் குந்தினேன். கையை நீட்டினேன்.

அவர் அவசரமாக உள்ளே போய் வெள்ளைக் கட்டி ஒன்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். நான் அதைத் தள்ளி வைத்தேன். முதுகுக்குப் பின்னால் இருந்த குச்சியைக் காட்டினேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். பயந்துவிட்டார். சந்நியாசினியைக் கெடுத்த பாவம் தன் மேல் வரும் என்று நினைத்திருப்பார்.

போனை எடுத்தேன். படம் காட்டினேன். நான், பின்னலோடு, பூவோடு. பிறகு மலையில் எடுத்த படம். நான் மொட்டை, ஓரகத்தி மொட்டை. அதற்கு முந்தின வருஷம் குடும்பமாகப் போனது. என் வீட்டுக்காரர் மொட்டை, அவர் தம்பி மொட்டை, பிள்ளைகள் மொட்டை, கைக்குழந்தை மொட்டை. பின்னால் பஸ் நிறைய மொட்டை. டிரைவர் மட்டும் முடியோடு. அந்தம்மா படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். அடுத்த படத்தைத் தள்ளினேன். அதே வாரம் வயலில் விருந்து. என் வீட்டுக்காரர் அதே மொட்டைத் தலையோடு ஒரு கையில் சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மறு கையில் கத்தி. சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கன்னத்தில் இருந்ததை மென்று முழுங்கினார். கையை ஓங்கி என் மொட்டையில் ஒரு தட்டு தட்டினார். சத்தம் நன்றாக வந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

குச்சியைக் கொடுத்தார். சாப்பிட்டேன். உப்பும் ஏதோ இனிப்பும் போட்டிருந்தது. காரம் இல்லை. இருந்தாலும் கோழி கோழிதான். சத்தம் கேட்டு என் ஓரகத்தி நைட்டியோடு இறங்கி வந்தாள். என் கையைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்து அவள் பேசாமல் இருந்த ஒரே நேரம் அதுதான்.

பிறகு அந்த ஆள் வந்தார். இரண்டு சந்நியாசினிகளும் தன் பெண்சாதியும் குந்தி உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா வேகமாக என்னென்னவோ சொன்னார், படங்களைக் காட்டினார். அவர் நம்பவில்லை. தன் போனை எடுத்து அதில் பேசினார். போன் தமிழில் கேட்டது. பொம்பளைக் குரல், ரேடியோ தமிழ்.

"உங்கள் விரதம் உடைந்துவிட்டதா?"

 உள்ளதைச் சொன்னேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

போன் கொஞ்சம் யோசித்துவிட்டு அதை அவர் பாஷையில் சொன்னது. அவரும் யோசித்தார். நேற்று சனிக்கிழமை, எங்கள் பெருமாள் நாள், நேற்று நாங்கள் ஊரில் இருந்தாலும் கறி தின்றிருக்க மாட்டோம். இன்றைக்கு ஞாயிறு. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்டாத வீடு என்றால் அங்கே இழவு என்று அர்த்தம். இதையெல்லாம் போனுக்குச் சொல்ல எனக்கு வராது.

அவர் புரிந்த மாதிரி தலையாட்டினார். ஆனால் கடையைத் திறக்கவில்லை. கையைத் தெருப் பக்கம் காட்டினார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குத் தெரியாதே. துறவிகள் மாடியில், கீழே கோழி என்றால் ஊர் ஏசும்.

நான் மாடிக்குப் போனேன். குளித்தேன். மஞ்சள் புடவை கட்டினேன். நாமம் போட்டுக்கொண்டேன். கீழே வந்து ஷட்டரைத் தூக்கினேன். கூழ் ஃபேக்டரி ஷட்டரைவிட லேசு. பிறகு வாசலில் இருந்த கயிற்றை அவிழ்த்துத் துணியை உருவினேன். சிவப்புக் கொண்டையோடு சேவல் நின்றது. ஒரு கண்ணை மூடிச் சிரிக்கிற சேவல். பெஞ்சை இழுத்து அதற்குப் பக்கத்தில் போட்டேன். நானும் என் ஓரகத்தியும் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு குச்சி. தெருவைப் பார்த்துத் தின்றோம்.

முதலில் எதிர்க்கடைக்காரர் பார்த்தார். கையில் இருந்த மீனைக் கீழே போட்டார். பிறகு ஒரு குழந்தை பார்த்தது. பிறகு ஒரு பஸ் பார்த்தது. கூட்டம் சேர்ந்தது. பக்கத்தில் வரவில்லை, கொஞ்சம் தள்ளி அரை வட்டமாக நின்றது. கோவில் யானை சாப்பிடுவதை வேடிக்கை பார்க்கிற மாதிரி. அந்த ஆள் கரி மூட்டிவிட்டுக் கடைக்குள் விசிறியோடு நின்றார். விசிறவில்லை. ஒருவரும் வாங்கவில்லை.

அந்த நேரத்துக்குத்தான் லீடரம்மா வந்தார். மேடத்தோடும் டவுன் ஆபீஸ்காரரோடும், எங்களை ஒத்திகைக்குக் கூட்டிப் போக. கூட்டம் வழிவிட்டது. அவர் எங்களைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். சேவலைப் பார்த்தார். என் ஓரகத்தி மெல்வதை நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. வாயில் இருந்ததை என்ன செய்வது.

டவுன் ஆபீஸ்காரர் மேடத்தைக் கேட்டார். மேடம் லீடரம்மாவைக் கேட்டார். தெருவே லீடரம்மா வாயைப் பார்த்தது. அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். விசிறியைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி. அந்தம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

லீடரம்மா தொண்டையைச் செருமினார்.

"சொல்லும்மாயி. சனிக்கிழம வரைக்கும்தான் எங்களுக்கு நியமம். ஞாயித்துக்கெழம கோழி துன்னே ஆவணும். துன்னாம ஆட மாட்டோம். எங்க ஊரு கட்டுப்பாடு அது."

மேடம் அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு திருப்பிச் சொன்னார். டவுன் ஆபீஸ்காரர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவர் உடனே போனில் யார் யாரையோ கூப்பிட்டார். மற்ற ஐந்து பேரும் எந்தெந்த வீட்டில் இருந்தார்களோ அந்த வீட்டுக்காரர்கள் அவர்களை ஓட்டமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நியமம் கெட்டுவிடப் போகிறதே என்று. ஒரு வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, நேரம் தாண்டிவிட்டதா என்று கேட்டாராம்.

அந்த ஆள் விசிற ஆரம்பித்தார்.

லீடரம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். அவர் புடவையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார். முதல் குச்சியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் வைத்தார். அதைப் பார்த்துக் கூட்டமும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஒரு ஆள் கோழியில் தடவின குழம்பைக் கண்ணில் விட்டுக்கொண்டு தண்ணீருக்கு ஓடினார். லீடரம்மா இரண்டாவதையும் வாங்கினார், மூன்றாவதையும் வாங்கினார். காரமே இல்லையே என்று மெதுவாக என்னிடம் சொன்னார். என் ஓரகத்தி மாடிக்குப் போய் மிளகாய்ப்பொடியும் ஆவக்காய் ஊறுகாயும் எடுத்து வந்தாள். அதையும் தடவிச் சுட ஆரம்பித்தார்கள். அதற்குத் தனி வரிசை. தின்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்ப வந்து நின்றார்கள். பேப்பர்காரனும் நின்றான். மஞ்சள் புடவையில் எட்டு பேர் எலும்பு கடிக்கிற படம் அவனுக்குக் கிடைத்தது.

மத்தியானம் வரைக்கும் நானும் விசிறினேன். என் ஓரகத்தி குச்சி கோர்த்தாள். அந்தம்மா வருகிறவர்களுக்கெல்லாம் என் போனில் இருந்த மொட்டை பஸ்ஸைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று தெரியாது. ஃப்ரீசர் ஒன்று காலியாகி இரண்டாவதைத் திறந்தார்கள். அந்த ஆள் குனிந்து சுட்டுக்கொண்டே இருந்தார். வேர்த்து வழிந்தது. அவ்வப்போது என்னைப் பார்த்து, கோவிந்தா என்றார். நானும் கோவிந்தா என்றேன். வேறு பேச எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை.

மாலையில் மேடையில் ஆடினோம். சரியாக வரவில்லை. எத்தனை தடவை கழுவியும் கையில் கோழி எண்ணெய் போகவில்லை. கோல் வழுக்கியது. இரண்டாவது சுற்றில் என் ஓரகத்தியின் கோல் பறந்து போய் அவர்கள் ஊர் மேளக்காரர் விரலில் விழுந்தது. அவர் வலியில் ஒரு அடி சேர்த்து அடித்தார். நாங்களும் ஒரு அடி சேர்த்து ஆடினோம். திருப்பதிக்கு வரும்போது புத்தூரில் எலும்புக்கு ஒரு கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று அவள் ஆடிக்கொண்டே அவருக்குத் தமிழில் சொன்னாள். லீடரம்மாவுக்கு வயிறு நிறைந்திருந்ததால் உட்கார்ந்து எழுகிற அடவில் உட்கார்ந்தார், எழவில்லை. கூட்டம் அதுவும் ஆட்டம் என்று கை தட்டியது.

மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் முன் வரிசையில் இருந்தார்கள். அந்த ஆளுக்கும் அந்தம்மாவுக்கும் போட்ட இரண்டு நாற்காலி மட்டும் கடைசி வரைக்கும் காலி. கடையில் கூட்டம்.